கைப்பேசி வீடு திரும்பும் நேரம்

2020 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் நான் பணியாற்றும் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆய்வக மேசைமேல் இரண்டு புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் என் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, பத்தாம் வகுப்புக்கான முதல் காணொலி வகுப்பைத் தொடங்கினேன். பெயர்ப் பட்டியலில் 43 பேர் இருந்தார்கள். திரையில் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது சதுரங்களில் ஒன்றில் மாணவனுக்குப் பதிலாக அவனுடைய தங்கை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் ஒரு பாட்டி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நியூட்டனின் முதல் விதியை நாற்பது நிமிடம் விளக்கிவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒரே ஒரு குரல் "ஒண்ணுமே கேக்கல டீச்சர்" என்றது. எதிலிருந்து கேட்கவில்லை என்று நான் விசாரிப்பதற்குள் இணைப்பு அறுந்தது.

அன்று மாலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன். கொரோனாவால் மார்ச்சில் மூடிய பள்ளி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், இருக்கும் ஒரே வழியையும் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான் என்பது அதன் சாரம். இரவு எட்டு மணிக்கு ஒரு மாணவியின் தந்தையிடமிருந்து குரல்பதிவு வந்தது. "டீச்சர், நான் ஓசூர்ல கட்டட வேலைக்குப் போறேன். போன் என்கிட்டதான் இருக்கும். நீங்க காலைல பத்து மணிக்குக் கூப்பிட்டா நான் சாரத்து மேல நிப்பேன். பொண்ணு வீட்டுல இருக்கும். நீங்களே சொல்லுங்க." அதில் கோபம் எதுவும் இல்லை. எனக்குத்தான் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நான்கு நாட்களில் 43 வீடுகளுக்கும் பேசினேன். கேட்டவை மூன்றே கேள்விகள்: வீட்டில் என்ன கைப்பேசி இருக்கிறது, அது எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், பிள்ளை பகலில் என்ன செய்கிறான். நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் தொடுதிரைக் கைப்பேசி 14 வீடுகளில் இருந்தது. 17 வீடுகளில் அது அப்பாவுடனோ அண்ணனுடனோ வேலைக்குப் போய், மாலை ஆறரை ஏழு மணிக்குமேல்தான் வீடு திரும்பியது. ஏழு வீடுகளில் பேசுவதற்கு மட்டுமான பொத்தான் கைப்பேசி. மீதி ஐந்து வீடுகளில் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்தார்கள். மூன்றாம் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான் என் பார்வையை மாற்றின. பையன்களில் சிலர் பாலக்கோடு பக்கம் தக்காளி பறிக்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், இருவர் செங்கல் சூளையில் இருந்தார்கள், பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் முழுநேர வேலையில் இருந்தார்கள். காலை பத்து மணி என்பது பள்ளிக்கூடத்தின் மணியே தவிர, அந்த வீடுகளில் எதற்கும் தோதான நேரமாக இருக்கவில்லை.

இணையவழிக் கற்பித்தலைப் பற்றி அதற்குப் பிறகு நான் கற்ற எல்லாவற்றுக்கும் இந்தப் பதில்களை ஒரு நோட்டில் எழுதிவைத்த பட்டியலே அடிப்படை. எந்தச் செயலியைப் பயன்படுத்துவது என்று இன்றும் இளம் ஆசிரியர்கள் கேட்கும்போது, முதலில் நான்கு நாட்களை இந்த மூன்று கேள்விகளுக்கு ஒதுக்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வகுப்பை இரவு ஏழரைக்கு மாற்றினேன், காணொலியை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு மூன்று நிமிடக் குரல்பதிவு ஒன்று. அதில் ஒரே ஒரு கருத்து, பாடநூலின் பக்க எண், கடைசியில் ஒரே ஒரு கேள்வி. மூன்று நிமிடக் குரல்பதிவு அரை எம்பி அளவுகூட வராது. எவ்வளவு மலிவான ரீசார்ஜிலும், எவ்வளவு பலவீனமான சிக்னலிலும் இறங்கிவிடும், வேண்டியபோது திரும்பக் கேட்கலாம். ஜூலையிலேயே புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டதால், "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து படத்தின்மேல் விரலை வை" என்று என்னால் சொல்ல முடிந்தது. புதிய பாடநூல்களில் ஒவ்வொரு பாடத்திலும் விரைவுத் துலங்கல் குறியீடு (க்யூஆர் கோடு) அச்சிடப்பட்டிருந்தது. அதைப் படம்பிடித்தால் தீக்‌ஷா என்ற அரசின் கல்வித் தளத்தில் காணொலி திறக்கும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியிலும் பாடங்கள் ஒளிபரப்பாகின. இரண்டையும் நான் பயன்படுத்தினேன். ஆனால் அவற்றைப் பார்த்த பிள்ளைக்கு உடனே ஒரு கேள்வி போய்ச் சேராவிட்டால், பார்த்ததும் பார்க்காததும் ஒன்றாகவே முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். வகுப்புக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாணவிக்கு யாரோ ஒருவன் தொடர்ந்து நள்ளிரவில் செய்தி அனுப்பியதை அவளுடைய அம்மா என்னிடம் சொன்ன அன்றே அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு, ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாத ஒளிபரப்புப் பட்டியல் முறைக்கு மாறினேன். இரண்டு வாரங்கள் கழித்துப் பார்த்தால் 11 பேரிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. சோம்பேறிகள் என்று மனத்துக்குள் ஒரு பட்டமும் கொடுத்துவிட்டேன். என் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்த முறையில் செய்தி போகும் என்பது எனக்குத் தெரியாது. அந்த 11 வீடுகளிலும் என் எண் சேமிக்கப்படவில்லை. பதினைந்து நாட்களாக நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்களோ டீச்சர் நம்மை மறந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். பிள்ளையின் மௌனத்துக்குக் காரணம் தேடும்போது முதலில் என் பக்கத்தைச் சரிபார்க்கும் பழக்கம் அன்று வந்தது.

கேள்விகளுக்கு வருகிறேன். தொடக்கத்தில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பத்துக் கேள்விகள் கொண்ட இணையப் படிவங்களைத்தான் அனுப்பினேன். முதல் வாரம் சராசரி ஆறு. இரண்டாம் வாரம் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து. ஒருவன் எழுதி முடித்ததும் திரையைப் படம்பிடித்து மற்றவர்களுக்கு அனுப்பிவிடுகிறான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை, ஏனென்றால் ஒரு பெண் அந்தப் படத்தையே தவறுதலாக எனக்கும் அனுப்பிவிட்டாள். அவர்களைத் திட்டுவதில் பொருள் இல்லை. விடை ஒன்றாகவே இருக்கும் கேள்வியைக் கேட்டால் அது கைமாறத்தான் செய்யும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு விடை வரும் கேள்விகளைத் தேட ஆரம்பித்தேன்.

நவம்பரில் 'கரைசல்கள்' பாடம் வந்தது. 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் 36 கிராம் சோடியம் குளோரைடு கரைந்தால் அது தெவிட்டிய கரைசல், அதாவது அதற்குமேல் உப்பைக் கரைக்க முடியாத கரைசல் என்று புத்தகம் சொல்கிறது. இதைக் குரல்பதிவில் சொல்லிவிட்டு, கால் டம்ளர் தண்ணீரில் உங்கள் வீட்டு உப்பு எத்தனை தேக்கரண்டி கரைகிறது என்று பார்த்து, எப்போது நிறுத்தினாய், ஏன் நிறுத்தினாய் என்பதை மட்டும் உன் குரலில் சொல் என்றேன். முழு டம்ளர் என்று சொல்லியிருந்தால் எல்லா வீட்டிலும் உப்பு டப்பா காலியாகி எனக்கு வசவு கிடைத்திருக்கும். இதை முதலில் என் வீட்டில் செய்து பார்த்ததால் தப்பித்தேன். அன்றிரவும் மறுநாளும் 31 பதில்கள் வந்தன. பெரும்பாலோர் மூன்று கரண்டி என்றார்கள், சிலர் நான்கு, ஒருவன் ஏழு. ஏழு சொன்னவன் மருந்து சீசாவோடு வந்த சிறு கரண்டியை எடுத்திருந்தான். ஒரு பெண் இரண்டு கரண்டியிலேயே நிறுத்திவிட்டாள். கலக்கிக் கலக்கிக் கை வலித்தும் அடியில் உப்பு அப்படியே கிடந்ததாம். அவள் வீட்டில் கல்லுப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளிடமிருந்து இன்னொரு பதிவு: "டீச்சர், ராத்திரி அப்படியே மூடி வெச்சேன். காலைல பாத்தா அடியில இருந்த உப்பைக் காணோம். அப்ப அது தெவிட்டலையா?"

வேகமாகக் கரைவது வேறு, எவ்வளவு கரையும் என்பது வேறு என்பதை நான் பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். அந்த வேறுபாட்டை ஒரு மாணவி தானாகவே கண்டடைந்து, அதை எனக்குக் கேள்வியாகத் திருப்பி அனுப்பியது அதுதான் முதல்முறை. அவளுடைய அனுமதி பெற்று அந்தப் பதிவை எல்லோருக்கும் அனுப்பினேன். உடனே ஒருவன், சுடுதண்ணீரில் போட்டால் நிறையக் கரையும் என்று அடித்துச் சொன்னான். செய்து பார் என்றேன். உப்பு ஏறக்குறைய அதே அளவில்தான் நின்றது, அவனுக்கு ஏமாற்றம். சர்க்கரையை வைத்துப் பார் என்றேன். அந்த வாரம் அவன் வீட்டில் சர்க்கரை என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

ஆனால் நல்ல கேள்வி பாதி வேலைதான். பதில் அனுப்பிய பிள்ளைக்கு மறுபதில் போய்ச் சேர வேண்டும்; அதுவும் ஒரு நாளுக்குள். தொடக்கத்தில் எல்லோருக்கும் கட்டைவிரல் உயர்த்திய பொம்மையை அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்று வாரங்களில் பதில்கள் 31இலிருந்து 19ஆகக் குறைந்தன. பொம்மைக்கும் தன் பதிலுக்கும் சம்பந்தம் இல்லை என்பதைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள். அதே வேளையில் ஒவ்வொரு நாளும் முப்பது பேருக்கு விரிவாகப் பதில் சொல்வது எனக்கு முடியாத காரியம். எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கும் இணைய வகுப்பு. எனவே ஒரு நாளைக்கு எட்டுப் பேர் என்று பிரித்துக்கொண்டேன். அந்த எட்டுப் பேருக்கும் அரை நிமிடக் குரல்பதிவு, பெயர் சொல்லி, அவர்கள் சொன்ன ஒரு சொல்லையாவது திரும்பச் சொல்லி, அதிலிருந்து எழும் இன்னொரு சிறு கேள்வியோடு போகும். மற்றவர்களுக்கு வழக்கமான குறி. வாரத்தில் நான்கு நாட்களில் எல்லோருக்கும் ஒரு சுற்று வந்துவிடும். தங்கள் முறை எந்தக் கிழமை என்று பிள்ளைகள் கணக்குப்போட்டு வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்து தவறியபோது, வியாழக்கிழமைக்காரர்கள் நான்கு பேர் அழைத்து விசாரித்தார்கள்.

தொடுதிரைக் கைப்பேசி இல்லாத 12 பேருக்கும் வாரம் ஒருமுறை நானே பேசினேன். ஆளுக்கு ஆறு ஏழு நிமிடம். பாடம் நடத்தவில்லை, புத்தகத்தில் இந்தப் பக்கத்தைப் படித்து வைத்திரு, அடுத்த வாரம் என்னிடம் நீ விளக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டு, அடுத்த வாரம் கேட்டுக்கொள்வேன். அவர்களுக்கு நான் செய்தது மிகக் குறைவு என்ற குற்ற உணர்வு எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

இப்படி ஒழுங்காகப் பதில் வந்துகொண்டிருந்ததால்தான் வராதபோது உறைத்தது. டிசம்பரில் ஒரு மாணவி ஐந்து நாட்களாக எதுவும் அனுப்பவில்லை. அழைத்தால் அண்ணன் எடுத்து, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றான். அவளுடைய தோழியிடம் கேட்டபோது முதலில் தயங்கிவிட்டு, பிறகு கல்யாணப் பேச்சு நடப்பதாகச் சொன்னாள். அவளுக்கு வயது பதினைந்து. தலைமையாசிரியரிடம் சொன்னேன், அவர் சிறிதும் தாமதிக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தார். திருமணம் நின்றது. அண்ணனின் கைப்பேசியில் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் அவளுக்கான பாடம் தோழியின் கைப்பேசி வழியாகவே போனது. இணைய வகுப்பில் வருகைப் பதிவு எதற்கு, அது வெறும் கணக்கு என்று என்னிடம் வாதிடுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

2021 ஜனவரி 19ஆம் தேதி பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தது. ஓர் அறைக்கு 25 பேருக்குமேல் கூடாது என்பதால் வகுப்பை இரண்டாகப் பிரித்தோம். முதல் வாரத்திலேயே இரண்டு உண்மைகள் தெளிவாயின. முதலாவது, வாரம் ஆறு நிமிடம் மட்டுமே என்னோடு பேசிய அந்த 12 பேரில் எட்டுப் பேர், நாள்தோறும் குரல்பதிவு கேட்ட பலரைவிடத் தெளிவாக விளக்கினார்கள். கேட்டவர்கள் கேட்டதோடு நின்றிருந்தார்கள். இவர்களோ ஒவ்வொரு வாரமும் எனக்கு விளக்கியாக வேண்டியிருந்ததால் புத்தகத்தோடு மல்லுக்கட்டியிருந்தார்கள். இரண்டாவது, நான் பெருமையோடு நடத்தி முடித்ததாக நினைத்திருந்த கணக்குப் பகுதிகள் ஒருவருக்கும் ஏறவே இல்லை. லென்சு சமன்பாட்டில் எங்கே கூட்டல் குறி, எங்கே கழித்தல் குறி என்பதும், மோல் கணக்கும் குரல்பதிவில் சொல்லிக் கொடுக்கக்கூடியவை அல்ல. பிள்ளை எந்த வரியில் சிக்குகிறான் என்பதை அவன் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இதிலிருந்துதான் எனக்கான ஒரு பிரிவினை உருவானது. பாடத்தின் முன்கதை, சொற்களின் பொருள், வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சிறு சோதனை ஆகியவை முந்தைய நாள் இரவே குரல்பதிவாக வீட்டுக்குப் போய்விடும். சிக்கலான இடங்கள் எல்லாம் பள்ளி நேரத்துக்கு. வகுப்பில் நான் விளக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. அவர்கள் எழுத, நான் வரிசைகளுக்கிடையே நடந்து பார்க்கும் நேரம் கூடியது. இப்போது இதற்குக் கலப்புக் கற்றல் என்று பெயர் சொல்கிறார்கள். அன்று எனக்கு அந்தப் பெயர் தெரியாது. இரண்டு பிரிவுக்கும் ஒரே பாடத்தை இரண்டுமுறை நடத்தத் தொண்டை ஒத்துழைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

பிப்ரவரி 25ஆம் தேதி, ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. அன்றைய சூழலில் அது தேவையான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் மறுநாள் முதல் இருக்கையில் இருந்தவனே, "இனிமே படிச்சு என்ன டீச்சர், எல்லாரும்தான் பாஸே" என்றான். மார்ச் 22 முதல் எங்கள் வகுப்புகள் மறுபடி மூடப்பட்டன. தேர்வும் இல்லை, பள்ளியும் இல்லை. இந்த நிலையில் எத்தனை பேர் தொடர்வார்கள் என்று எனக்கே ஆர்வமாக இருந்தது. 43இல் 22 பேர் ஏப்ரல் கடைசி வரை பதில் அனுப்பினார்கள். மதிப்பெண் என்ற கயிறு அறுந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்த அந்த 22 என்ற எண்ணைத்தான் என் பணிக்காலத்தின் மிகச் சிறந்த தேர்ச்சி விகிதமாக நான் வைத்திருக்கிறேன், எந்த அறிக்கையிலும் அதற்கு இடம் இல்லாவிட்டாலும்.

அந்த உற்சாகத்தில் ஒரு விபரீதமும் நடக்கப் பார்த்தது. ஒலியியலில் எதிரொலி. ஒலி நொடிக்கு 344 மீட்டர் செல்வதாகக் கொண்டால், எதிரொலி தனியாகக் கேட்க, நமக்கும் ஒலியைத் திருப்பி அனுப்பும் சுவருக்கும் இடையே குறைந்தது 17.2 மீட்டர் தூரம் வேண்டும். உங்கள் ஊரில் எதிரொலி கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கத்திப் பதிவு செய்து அனுப்புங்கள் என்றேன். ஒருவன் கைவிடப்பட்ட கல்குவாரிக் குழியின் விளிம்பில் நின்று கத்தியிருக்கிறான், கீழே முப்பது அடி ஆழத்துக்குத் தண்ணீர். அருமையான எதிரொலி. பதிவின் கடைசியில் அவனுடைய அப்பா ஓடிவந்து போட்ட அறையின் ஓசையும் சேர்ந்து கேட்டது. பிறகு அவர் எனக்கும் அழைத்தார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நியாயம். வகுப்பறையில் ஆய்வு நடக்கும்போது அமிலப் புட்டியை யார் தொடுகிறார்கள் என்று கழுகுபோல் பார்க்கும் நான், வீட்டுச் சோதனை என்று வந்ததும் அந்தக் கண்ணை மூடிவிட்டேன். அன்றிலிருந்து எந்த வேலையை அனுப்பினாலும் எங்கே போகக் கூடாது, எதைத் தொடக் கூடாது, யார் கூட இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இனி ஆசிரியர்களைப் பற்றி. எங்கள் தமிழ் ஐயாவுக்கு அப்போது ஓய்வுபெற மூன்று ஆண்டுகள் இருந்தன. கம்பராமாயணத்தை அவர் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பையன்கள் சன்னலோரம் வந்து நிற்பார்கள். அவரோ கைப்பேசிக் கேமராவைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார். எங்களுக்கு ஒரு நாள் இணையவழிப் பயிற்சி நடந்தது. நூற்றுக்கணக்கான ஆசிரியர்களை ஒரே நேரத்தில் உட்காரவைத்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று ஒருவர் வேகவேகமாகக் காட்டிக்கொண்டே போனார். ஐயா கடைசி வரை கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார், இவர்கள் சைக்கிளின் படத்தைக் காட்டுகிறார்கள்" என்றார்.

மறுநாள் மதியம் அவரோடு ஆய்வகத்தில் உட்கார்ந்தேன். கேமராவை மறந்துவிடுங்கள், இந்த ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னிடம் பேசுவதுபோல் பேசுங்கள், விரலை எடுத்தால் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். முதல் பதிவு "போய்விட்டதா அம்மா?" என்ற கேள்வியோடு முடிந்து அப்படியே 40 வீடுகளுக்குப் போனது. பிள்ளைகள் ரசித்தார்கள். ஒரு மாதத்தில் எங்கள் பள்ளியில் அதிகம் கேட்கப்பட்ட குரல் அவருடையதாகிவிட்டது. வீட்டில் பெரியவர்களும் உட்கார்ந்து கேட்டதாகப் பல வீடுகளில் சொன்னார்கள். அவருக்குத் தேவைப்பட்டது மொத்தம் மூன்று மதியங்கள், பக்கத்தில் ஓர் ஆள், தவறினால் சிரிக்காத ஆள்.

பின்னர் எங்கள் ஒன்றியத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சிகளுக்குக் கருத்தாளராக அழைக்கப்பட்டபோது, இந்த அனுபவத்தையே முறையாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் இரண்டிரண்டு பேராக வரச் சொன்னேன், ஒருவர் தொழில்நுட்பம் தெரிந்தவர், மற்றவர் பாடத்தில் பழுத்தவர். மற்றவரின் கையில்தான் கருவி இருக்க வேண்டும், தெரிந்தவர் வாயால் மட்டுமே சொல்ல வேண்டும் என்பது விதி. பயிற்சி முடியும்போது ஒவ்வொருவரும் அடுத்த வாரம் உண்மையாகவே அனுப்பப் போகும் ஒரு பதிவைத் தயாரித்து முடித்திருப்பார்கள். சான்றிதழுக்காகக் காணொலிகளை ஓடவிட்டுவிட்டு அடுப்பில் குழம்பைப் பார்க்கும் பயிற்சிகளில் நானும் இருந்திருக்கிறேன். யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

பயிற்சியைவிடவும் ஆசிரியரை நசுக்கியது புள்ளிவிவரம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள், அதற்கான படம் எங்கே என்று ஒரே தகவலை மூன்று வடிவங்களில் அன்றாடம் அனுப்ப வேண்டியிருந்த நாட்கள் உண்டு. எங்கள் தலைமையாசிரியர் செய்த உதவிகளில் மிகப் பெரியது, அந்தப் படிவங்கள் அனைத்தையும் தாமே வாங்கிக்கொண்டு, எங்களிடம் மாலையில் ஒரே ஒரு எண்ணை மட்டும் கேட்டதுதான். இரண்டாவது, இரவு ஒன்பது மணிக்குமேல் எந்த ஆசிரியரும் பதில் சொல்லத் தேவையில்லை என்று பெற்றோருக்கு அவர் பெயரிலேயே அறிவித்தது. பெண் ஆசிரியர்களின் எண்கள் யார் யார் கையிலோ போய்ச் சேர்ந்து, நேரங்கெட்ட நேரத்தில் அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. எங்களில் நான்கு பேர் பள்ளிக்கென்று தனிச் சிம் வாங்கிக்கொண்டோம், சொந்தச் செலவில்தான். இணையவழிக் கற்பித்தலுக்குத் திட்டமிடும் எவரும் இந்த எளிய செலவை முதல் வரியில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

2021 அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை கற்பிக்கும் தன்னார்வலர்கள் எங்கள் சிற்றூர்களிலும் வந்தார்கள். அவர்களில் இருவர் எங்கள் பழைய மாணவிகள். ஒன்பதாம் வகுப்புக்கு நான் அனுப்பும் குரல்பதிவைச் சத்தமாக ஓடவிட்டு, கைப்பேசி இல்லாத அண்ணன் அக்காக்களையும் பின்வரிசையில் உட்காரவைப்பார்கள். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஏற்பாடு, அதனாலேயே நன்றாக நடந்தது.

இப்போது எங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பத்துக் கணினிகள் ஓடுகின்றன; 2023இல் வந்த மணற்கேணி செயலியில் தமிழ்வழியிலேயே நல்ல பாடக் காணொலிகள் கிடைக்கின்றன. ஒரு கணினிக்கு நான்கு பேர் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே: ஒருவன் சுட்டியைப் பிடிப்பான், ஒருத்தி பார்ப்பாள், இருவர் சன்னலைப் பார்ப்பார்கள். எனவே பழைய விதியை இங்கேயும் வைத்தேன். சுட்டி வைத்திருப்பவர் பேசக் கூடாது, மற்ற மூவர் சொல்வதை மட்டும்தான் செய்ய வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். காணொலியை நான்கு நிமிடத்துக்குமேல் ஓடவிடுவதில்லை. நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று எழுதச் சொல்லிவிட்டுத்தான் மீண்டும் ஓடவிடுவேன். ஆய்வகம் இரைச்சலாகத்தான் இருக்கும். ஒருமுறை பார்வைக்கு வந்தவர் முகம் சுளித்தார். மாணவர்கள் எழுதி வைத்திருந்த ஊகங்களைக் காட்டிய பிறகு அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, மின்சாரம் வந்து வந்து போனது. பழைய நோட்டை எடுத்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அதே மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வைக்கும் வழக்கத்தை விடவில்லை. அந்த ஆண்டுப் பட்டியலில் 38 பேர். 29 வீடுகளில் கைப்பேசி பகலிலும் இருந்தது, ஏழு வீடுகளில் அப்போதும் இரவில்தான் வந்தது, இரண்டு வீடுகளில் பொத்தான் கைப்பேசி. ஏழரை மணிக்குக் குரல்பதிவை அனுப்பிவிட்டு, அந்த இரண்டு வீடுகளில் முதல் எண்ணை அழைத்தேன். மாணவியின் அம்மா எடுத்தார். "டீச்சர், அவ புத்தகத்தைத் திறந்து வெச்சுட்டு நீங்க எப்ப கூப்பிடுவீங்கன்னு ஆறு மணியிலிருந்து உக்காந்திருக்கா" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை அவளிடம் கொடுத்தார்.